தரையில் சொட்டாத ஸ்டியரிங் எண்ணெய்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார் வைத்திருந்தவர்கள் அதை விற்க மனம் கொள்ளவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழையதையே திருத்தி ஓட்டுகிறவர்கள் கொழும்பில் ஏராளம். நுகேகொடையில் என்னிடம் நிற்பதும் அப்படியொன்றுதான்: பெற்றோல் கொரோலா 110. 1995 முதல் 2000 வரை ஜப்பானில் வெளிவந்த எட்டாம் தலைமுறை, 1.5 லீட்டர் 5ஏ-எஃப்இ எஞ்சின். எஞ்சினைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. எழுத வேண்டியது ஸ்டியரிங்கைப் பற்றி.

இது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய முறை. எஞ்சின் பெல்டில் சுழலும் பம்ப் எண்ணெயை அழுத்தி, சக்கரங்களைத் திருப்பும் ரெக்குக்கு அனுப்புகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப ரெக்கில் உள்ள வால்வு திறந்து, அந்த அழுத்தத்தால் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது. 1951இல் கிறைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த ஏற்பாட்டின் அடிப்படையும் இதுதான். நல்ல நிலையில் உள்ள 110ஐ வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் ஒற்றைக் கையால் திருப்பி நிறுத்தலாம். வேகமாகப் போகும்போதும் தெருவின் கரடுமுரடு கைக்குத் தெரியும்.

என் காரில் அந்தச் சுகம் மெல்ல மெல்லப் போயிற்று. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு முனகல், எஞ்சின் வேகம் கூடக்கூட அந்த ஓசையும் கூடும். நின்ற இடத்தில் திருப்பினால் கை கனத்தது. எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் சிவப்பு எண்ணெய் நுரைத்திருந்தது, மட்டமும் கீழே. ஊற்றினால் சரியாகும், கொஞ்ச நாளில் மறுபடி இறங்கும். ஆனால் நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. காட்டிய கராஜில் பம்ப், ரெக் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள்.

இரண்டையும் கழற்றுவதற்கு முன் கார் சொல்வதைக் கேட்க வேண்டும். இரு பக்கமும் கனத்து, அக்சிலேட்டரை மிதித்தால் இலேசாகிறதென்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பம்ப்பைத் திட்டிப் பயனில்லை, ரெக்கைப் பார்க்க வேண்டும். ரெக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தளும்பினால் சீல் போய்விட்டது. நுரை இருந்தால் எங்கிருந்தோ காற்று போகிறது. தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாய் அதில் பொல்லாதது: அங்கே அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான் இருக்கிறது. அதனால் ஓட்டை இருந்தாலும் எண்ணெய் வெளியே கசியாமல் காற்று உள்ளே போய்விடும். டயரில் காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும், அதை முதலில் பார்ப்பது நல்லது.

என் காரில் உறைகள் காய்ந்திருந்தன, குழாய்களும் இறுக்கம். அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது?

அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் பம்ப்பின் உடம்பில் ஒரு சின்ன வால்வு திருகப்பட்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய இரண்டு ரப்பர் குழாய்கள் எஞ்சினின் காற்றுப் பாதைக்குப் போகும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது பம்ப்பின் சுமையால் எஞ்சின் நின்றுவிடாமல், கொஞ்சம் காற்றைக் கூடுதலாக விடுவது அதன் வேலை. உள்ளே சீல் தேய்ந்தால் எஞ்சினின் உறிஞ்சல் ஸ்டியரிங் எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும். எண்ணெய் எஞ்சினுக்குள் எரிந்து வெண்புகையாகப் போய்விடும். தரையில் கறை எப்படி இருக்கும்? அந்தக் குழாயில் ஒன்றைக் கழற்றினேன். உட்புறம் சிவப்பாக நனைந்திருந்தது.

எஞ்சின் பக்கத்து முனைகளை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்ததில் எண்ணெய் இறங்கவே இல்லை. அது போதுமான சாட்சி. வால்வை மாற்றியாயிற்று, பம்ப்பும் ரெக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புகையைக் கண்டு எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்களும் உண்டு என்பதால், 110 வைத்திருப்பவர்கள் இந்தக் குழாயை ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு பழைய எண்ணெயை மாற்றினேன். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். தொட்டியில் குமிழிகள் வரும். வரவர எண்ணெய் ஊற்றி, குமிழி நின்ற பின்தான் ஸ்டார்ட் பண்ணலாம். டொயோட்டாவுக்கு டெக்ஸ்ரோன் ஏடிஎஃப் சரி. ஹொண்டாவுக்கு அதை ஊற்றாதீர்கள், அதற்குத் தனி எண்ணெய் இருக்கிறது. பிரேக் எண்ணெயை எந்தக் காரின் ஸ்டியரிங்குக்கும் ஊற்றக் கூடாது, சீல்கள் ஊதிப் பழுதாகிவிடும். அழுத்தக் குழாய் வெடித்தால் கிளிப் போட்டு ஒப்பேற்றுவதும் ஆபத்து. ஹைட்ரோலிக் குழாய் அடித்துத் தரும் கடையில் புதிதாகச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

2000இல் வந்த கொரோலா 121இன் ஜப்பான் மாடல்களில் மின்சார மோட்டார் ஸ்டியரிங். எண்ணெய் இல்லை, கசிவும் இல்லை, நெரிசலில் இன்னும் இலேசு. ஆனால் பழுதானால் ஸ்கேனர் இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். வீட்டு வாசலில் நின்று கண்ணாலும் காதாலும் பழுதைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்காகவே நான் 110இன் பக்கம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ரிகண்டிஷன் பம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்திலும் தடங்காமல் சுழல வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. பெல்ட் ஓடும் புல்லியின் அளவு உங்கள் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். அந்தச் சின்ன வால்வும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் குழாய் முனைக்குள் ஒரு வெள்ளைத் துணி நுனியை விட்டு எடுங்கள். சிவப்பாக வந்தால் அந்தப் பம்ப்பை வைத்துவிட்டு வாருங்கள்.