கால் வழுக்கியவள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணைய வீட்டில் வளர்ந்தவளுக்கு 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலின் ஜியா குடும்பம் அவ்வளவு அந்நியமில்லை. பாட்டி உட்கார்ந்திருக்கையில் யார் நிற்க வேண்டும், யாருக்கு எவ்வளவு சீர், சாவிக்கொத்து எந்த மருமகளிடம் என்றே பல நூறு பக்கங்கள் ஓடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் சாவ் ஷுவெச்சின் எழுதியதை டேவிட் ஹாக்ஸின் ஆங்கிலத்தில் படித்தேன். 1973இல் வந்த முதல் தொகுதியைச் சிரமமில்லாமல் கடந்தேன். இரண்டாவதில் நின்றுபோனேன்.

30ஆம் அத்தியாயம். உச்சிவெயில் நேரம். வாங் சீமாட்டி கண்ணயர்ந்திருக்க, பணிப்பெண் ஜின்ச்சுவான் கால் பிடித்துவிடுகிறாள். வீட்டுப் பிள்ளை பாவ்யூ வந்து அவளைச் சீண்டுகிறான். அம்மாவிடம் உன்னைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். அவளும் விளையாட்டாக ஏதோ சொல்கிறாள். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த தாய் எழுந்து அறைகிறாள், பணிப்பெண்ணை. பிள்ளை நழுவிவிடுகிறான். பெண்களைத் தண்ணீரென்றும் ஆண்களை மண்ணென்றும் சொல்லிப் பேர் வாங்கியவன் அவன். பத்து வருஷம் உழைத்தவள் துரத்தப்படுகிறாள். 32ஆம் அத்தியாயத்தில் அவள் பிணம் கிணற்றில் கிடக்கிறது.

ஏதோ பொருளை உடைத்துவிட்டாள், அதனால்தான் அனுப்பினேன் என்று அழுகிறாள் சீமாட்டி. ஆறுதல் சொல்ல வருகிறாள் பாவ்ச்சாய், நாவலிலேயே பண்பில் சிறந்தவளென்று கொண்டாடப்படும் பெண். கிணற்றோரம் விளையாடிக்கொண்டிருந்திருப்பாள், கால் வழுக்கியிருக்கும் என்கிறாள். இல்லை, கோபத்தில்தான் குதித்தாளென்றால் அவள் முட்டாள், அதற்காக வருந்த வேண்டியதில்லை. மேற்கொண்டு கொஞ்சம் வெள்ளி கொடுத்தால் போயிற்று. பிணத்துக்கு உடுத்தப் புதுத்துணி இல்லையென்றதும் தன்னுடையதையே தருகிறாள்.

இங்கே புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒருத்தியைக் கயிறு கட்டித் தூக்கியபோது எனக்குப் பதினொரு வயது. "கெணத்துமேட்டுல கால் வழுக்கி உளுந்துட்டா, பாவம்" என்றார் அமுச்சி. கோடித்துணியும் அவரே எடுத்துக் கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் அதே வாக்கியத்தை நானும் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாவ்ச்சாய் நல்லவளா, கபடக்காரியா என்று சீன வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிடுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிசகாகப் படுகிறது. அவள் நல்லவள்தான். ஒரு குடும்பம் தன் நல்ல பெண்களிடம் எதிர்பார்க்கும் வேலையைத்தான் செய்கிறாள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லத் தக்கதாக மாற்றித் தருவது அந்த வேலை. அடித்த கை மாமியாருடையதாக இருக்கும், பழி மருமகனுக்கோ மகனுக்கோ சேர வேண்டியதாக இருக்கும். வாக்கியத்தைத் தயாரிப்பது மட்டும் நாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று. எஜமானர்களின் பெயர்களை ஒலியாகவே விட்டுவிடும் ஹாக்ஸ், பணிப்பெண்களின் பெயர்களை மட்டும் பொருள்பெயர்க்கிறார். தங்கக் காப்பு என்று பொருள்படும் ஜின்ச்சுவான் 'கோல்டன்' ஆகிறாள், தங்கை யூச்சுவான் 'சில்வர்'. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் வீட்டிலிருக்கும் நகைநட்டைப்போல அந்தப் பெண்களுக்குப் பெயரிட்டது ஹாக்ஸ் அல்ல. அவர் அதை மறைக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் தமிழில் கொண்டுவந்தால் பொன்னாத்தா என்று வைப்பேன். எங்கள் பக்கம் பண்ணையக்காரிக்கும் அந்தப் பெயர் உண்டு, வேலைக்காரிக்கும் உண்டு.

43ஆம் அத்தியாயத்தில், செத்தவளின் பிறந்தநாளன்று, பாவ்யூ யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வெளியே ஒரு கோயில் கிணற்றடியில் ஊதுபத்தி கொளுத்துகிறான். கிணற்றில் விழுந்த பெண்களுக்குப் பிற்பாடு பொங்கல் வைக்கும் ஊரிலிருந்து படிக்கிறவளுக்கு இதில் வியப்பில்லை. அறை விழுந்தபோது நழுவியவன் வாசனைப் புகையோடு திரும்பி வந்திருக்கிறான். பலர் உருகும் இடம் இது, எனக்கு உருகவில்லை. என்னைத் தொட்டது அடுத்து வரும் சிறு காட்சி. அவன் வீடு திரும்பும்போது யூச்சுவான் தாழ்வாரத்தில் தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அக்காளின் மாதச் சம்பளத்தையும் இப்போது அவளுக்கே சேர்த்துக் கொடுக்கிறாள் சீமாட்டி. நான் எங்கே போய்வந்தேன், சொல் பார்க்கலாம் என்கிறான் பாவ்யூ.

அவள் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.