கதவைக் கழற்றியது யார்?

போன வருஷம் துருக்கியின் ஃபெத்தியே நகரத்திலிருந்து மினிபஸ் பிடித்துக் காயாகோய் போனேன். மத்தியதரைக் கடலுக்குப் பக்கத்தில், மலைச்சரிவு முழுக்க நூற்றுக்கணக்கான கல்வீடுகள். ஒன்றிலும் கூரை இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். அப்போது அதன் பெயர் லெவிஸ்ஸி. பையில் லூயி டி பெர்னியே எழுதிய ‘பேர்ட்ஸ் விதவுட் விங்ஸ்’ (2004) இருந்தது. அந்த நாவலின் கற்பனை ஊரான எஸ்கிபாஹ்சேக்கு இந்த இடம்தான் மாதிரி.

1923 ஜனவரியில் லோசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. ஏற்கெனவே தப்பியோடியவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், 4 லட்சம் முஸ்லிம்கள் மறுபக்கம். அளவுகோல் மொழி அல்ல, மதம். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவனும் ‘கிரேக்கன்’தான். நாவல் இதை அழகாகப் பிடித்திருக்கிறது. கிறிஸ்தவப் பையன் மெஹ்மெத்சிக், முஸ்லிம் நண்பன் கராதாவுக்குக்கு எழுதக் கற்றுத் தருகிறான். அவன் கற்றுக்கொள்வது கிரேக்க எழுத்தில் துருக்கி மொழி!

‘ஒற்றுமையாக இருந்த மக்களை அரசியல் பிரித்தது’ என்றுதான் இந்த நாவலைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன். இடையிடையே வரும் முஸ்தபா கெமால் அத்தியாயங்களும் அதையே சொல்கின்றன: வரலாறு மேலே நடக்கிறது, ஊர் வெறுமனே அனுபவிக்கிறது.

ஆனால் இதே நாவலில் ருஸ்தம் பே தன் மனைவி தமாராவைச் சதுக்கத்துக்கு இழுத்து வருகிறான். ஊர் கல்லெறிகிறது. யூசுஃப் தன் மகளைக் கொல்லச் சொல்லி மகனையே ஏவுகிறான். இதற்கெல்லாம் எந்தத் தலைநகரமும் உத்தரவு போடவில்லை. நாவலின் உச்சம் இந்தப் பக்கங்கள்தான் என்பேன். வெளியேற்றம் வரும்போது மட்டும் கல்லெறிந்த கைகள் மறந்துபோய், எல்லாக் கண்களிலும் கண்ணீர். எனக்கு நெருடியது அங்கேதான்.

காயாகோயில் ஒரு வீட்டுக்குள் நின்றேன். சுவரில் உத்தரம் செருகிய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. எஞ்சினியர் புத்தி, உடனே கணக்குப் போட்டது. 1957 பூகம்பம் இந்த ஊரையும் அடித்தது, சரி. மரம் மட்கும், அதுவும் சரி. ஆனால் இத்தனை வீடுகளின் கதவையும் நிலையையும் பூகம்பமா கழற்றிக்கொண்டு போனது?

வழியனுப்பி அழுத பக்கத்து வீட்டுக்காரனே மறுமாதம் வந்து கதவைக் கழற்றியிருக்கலாம். அதனால் அவன் அழுகை பொய்யாகிவிடாது. தமாரா அத்தியாயத்தை எழுதிய கைக்கு அந்த மனிதனையும் எழுதத் தெரியும். கடைசிப் பக்கங்களில் நான் தேடியது அவனைத்தான்.