மதுரா விஜயமும் மதுரை சுல்தானகத்தின் முடிவும்

மதுரா விஜயம் என்பது 14ஆம் நூற்றாண்டில் கங்காதேவி இயற்றிய சமஸ்கிருத காவியம். விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகனான குமார கம்பணரின் மனைவி இவர். வீர கம்பராய சரிதம் என்ற பெயரும் இந்நூலுக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் கிடைத்த சிதைந்த ஓலைச்சுவடியிலிருந்து 1916இல் இது அச்சேறியது. மதுரை சுல்தானகம் எப்படி முடிந்தது என்ற கேள்விக்குப் பலரும் முதலில் காட்டும் சான்று இதுவே. காவியமாக இதன் தகுதி ஐயத்துக்கு இடமற்றது. வரலாற்றுச் சான்றாக இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே ஆராயத்தக்கது.

பின்னணி

1311இல் மாலிக் கபூரின் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர் மதுரை டெல்லி சுல்தான்களின் ஆட்சிக்குள் வந்தது. 1335ஐ ஒட்டி அங்கிருந்த ஆளுநர் ஜலாலுதீன் அசன் கான் தனியாட்சி அறிவித்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரையில் சுல்தான்கள் ஆண்டனர். அவர்களை எதிர்த்த போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் தோற்றுக் கொல்லப்பட்டார்.

நூலின் வலிமை

கம்பணர் முதலில் சம்புவராயரை வென்று காஞ்சிபுரத்தில் தங்குகிறார். அங்கே ஒரு பெண் அவர் முன் தோன்றி, பாழடைந்த கோயில்களையும் மதுரை மக்களின் துயரத்தையும் எடுத்துரைக்கிறாள். நூலின் உயிரான பகுதி இதுதான். அரசவைக் கவிதைக்கே உரிய மிகை இதில் உண்டு. ஆனாலும் இதை வெறும் பகைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அக்காலத்தில் மதுரைக்கு வந்தவர்; அசன் கானின் மருமகன். சுல்தான் கியாசுதீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை அவரே கண்டித்து எழுதியிருக்கிறார். இவ்விரு சான்றுகளையும் சேர்த்துப் படித்தால், குற்றச்சாட்டு ஓர் ஆட்சியாளரின் கொடுமை மீதானது, ஒரு சமயத்தார் மீதானது அல்ல என்பது விளங்கும். காவியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

நூலின் குறைகள்

காவியம் சுல்தானைக் கம்பணர் நேருக்கு நேர் போரிட்டு வெட்டி வீழ்த்துவதோடு வெற்றியை முடிக்கிறது. நாணயங்கள் சொல்லும் கதை வேறு. 1371இல் கம்பணரின் தளபதி கோபண்ணர் திருவரங்கத்தில் அரங்கநாதரை மீண்டும் எழுந்தருளச் செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஆனால் சுல்தான் அலாவுதீன் சிக்கந்தர் ஷாவின் நாணயம் 1377-78 வரை கிடைக்கிறது. எனவே முடிவு ஒரே நாளில் வந்ததன்று; ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்தப் பெண் கம்பணரிடம் கொடுக்கும் வாள் அதைவிட முக்கியமானது. அது பாண்டியருக்குரிய தெய்வ வாள். பாண்டியர் வலிமை குன்றியதால் அகத்தியர் அதைக் கம்பணருக்கு அனுப்புகிறார். மதுரையை மீட்டவர் அதைப் பாண்டியரிடம் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதற்கான நியாயம் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. நூலின் அரசியல் இங்கேதான் உள்ளது.

ரஷ்யாவோடு ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் ரஷ்யாவிலும் இது போன்ற ஒன்று நடந்தது. 1237 முதல் 1240 வரை பட்டு கானின் மங்கோலியப் படை ரஷ்ய நகரங்களை அழித்து அவற்றைக் கப்பம் கட்ட வைத்தது. 1380இல் குலிகோவோ களத்தில் மாஸ்கோ இளவரசர் திமித்ரி தோன்ஸ்கோய் மங்கோலியத் தளபதி மாமாயை வென்றார். அதைப் போற்றும் இலக்கியமும் பிறந்தது. ஆனால் 1382இலேயே தொக்தாமிஷ் கான் மாஸ்கோவை எரித்தார், கப்பம் தொடர்ந்தது. 1480இல் உக்ரா ஆற்றங்கரையில் இரு படைகளும் பெரும்போர் இன்றியே பிரிந்த பிறகுதான் அந்த ஆதிக்கம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதற்கிடையே கானுக்காகக் கப்பம் திரட்டி வளர்ந்த மாஸ்கோ, 1478இல் நோவ்கோரோதையும் 1485இல் த்வேரையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. இந்த நகரங்களுக்கு விடுதலை என்பது எசமானர் மாறியதுதான்.

தென்பாண்டி நாட்டில் விளைவு

பாண்டிய நாட்டிலும் அதுவே நேர்ந்தது. மதுரை விஜயநகரத்தாரிடமும் பின்னர் நாயக்கர்களிடமும் சென்றது. பாண்டியர் தெற்கே ஒதுங்கி, 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் விசுவநாதர் கோயிலைக் கட்டினர். மதுரைக்கும் தென்காசிக்கும் இடைவழியில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இம்மாற்றத்தின் தடங்களை இன்றும் காணலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை இருக்கிறது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகின்றனர். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்று பாடினார். அந்தக் காவியத்தில் பாண்டியன் அவை மதுரையில் நடக்கிறது. நூல் எழுதப்பட்ட காலத்தில் பாண்டியருக்கு மதுரை இல்லை.

மதிப்பீடு

புதிய ஆட்சியால் இப்பகுதிக்கு நன்மை விளையவில்லை என்பது இதன் பொருளன்று. நின்றுபோன வழிபாடுகள் மீண்டும் தொடங்கின, கோயில்கள் பெருகின. வென்றவரின் மனைவி பாடிய நூல் வென்றவரின் நியாயத்தையே சொல்லும் என்பதை மறக்கலாகாது, அவ்வளவே. மதுரா விஜயத்தைக் கற்பிப்போர் திருவரங்கக் கல்வெட்டு, சுல்தான்களின் நாணயங்கள், இபின் பதூதாவின் குறிப்பு ஆகிய மூன்றையும் அதன் அருகில் வைத்தால், மாணவர் காவியத்தையும் ரசிப்பர், வரலாற்றையும் அறிவர்.