வாங்குபவன் யார்?

ஹாரி ஃப்ரீலேண்ட் என்னும் பிரித்தானிய இயக்குநர் 2012-இல் வெளியிட்ட ஆவணப்படம் 'இன் த ஷேடோ ஆஃப் த சன்'. 'சூரியனின் நிழலில்' என்று தமிழில் சொல்லலாம். தான்சானியாவில் ஆறு ஆண்டுகளாகப் படம்பிடிக்கப்பட்டது. அல்பினிசம் எனப்படும் பிறவி நிறமிக் குறைபாடு உடையோர் அங்கே வேட்டையாடப்படுவதே இதன் பொருள். படம் முடிந்தபின் நெடுநேரம் நாம் பேச்சற்றிருந்தோம். அதன்பின் எழுந்த கேள்விகளை இங்கு முன்வைக்கிறோம்.

இக்குறைபாடு தொற்றுநோயன்று; வெண்குட்டமுமன்று. தாய் தந்தை இருவர் வழியாகவும் வரும் மரபணுக்களால், தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறந்தரும் மெலனின் போதிய அளவு உண்டாவதில்லை. பார்வை மங்குகிறது, வெயில் தோலைப் புண்ணாக்கிப் புற்றுநோய் வரை கொண்டுசெல்கிறது. தான்சானியாவில் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் இவ்வாறு பிறப்பதாக மதிப்பீடு. கறுத்த பெற்றோருக்கு வெளுத்த மகவு பிறந்தால் தாயின் ஒழுக்கத்தைப் பழிப்போர் உண்டு, சாபமென்போர் உண்டு, இவர்கள் இறப்பதில்லை, மறைந்துபோவர் என்போரும் உண்டு. இவர்தம் உறுப்புகளால் செய்த மருந்து செல்வம் கொணரும் என்னும் நம்பிக்கையே கொடியவர் கையில் கத்தியைக் கொடுத்தது.

படத்தின் நாயகர் ஜோசபட் டோர்னர். அவரும் அதே நிறத்தவரே. கொலைகள் நிகழ்ந்த ஊர்களுக்கே சென்று, கூடிநிற்போர் முகம் நோக்கிப் பேசுகிறார்; மாந்திரீகரையும் நேரில் காண்கிறார்; கிளிமஞ்சாரோ மலையிலும் ஏறுகிறார். விக்டோரியா ஏரியின் உகெரேவே தீவில், கேலிக்கு அஞ்சிப் பள்ளியை விட்ட சிறுவன் ஒருவன் மீண்டும் படிக்க ஏங்குகிறான். இவர்களை இரங்கத்தக்க பொருளாக்காமல், அஞ்சவும் ஆசைப்படவும் வாதிடவும் தெரிந்த மனிதராகக் காட்டுவதே படத்தின் முதற்சிறப்பு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவரின் உறுப்புகள் அனைத்துக்கும் 75,000 டாலர் வரை விலை பேசப்பட்டதாகச் செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2009-இல் அறிவித்தது. ஏரிக்கரை மீனவன் தரக்கூடிய தொகையா இது? படம் ஊராரின் அறியாமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. வாங்குபவனின் பணப்பையை வெளியே நிற்க விடுகிறது. அறியாமை மட்டுமே காரணமெனில் பள்ளிக்கூடங்கள் கட்டினால் போதுமே! தான்சானிய அரசு 2015-இல் உரிமம் பெறாத மாந்திரீகரைத் தடைசெய்தது. பிள்ளைகளைக் காவலுள்ள விடுதிகளிலும் சேர்த்தது. அவர்கள் உயிர் தப்பினர். ஆனால் அன்னையின் மடியை இழந்தனர். அஞ்சவேண்டியவன் வெளியே நடமாட, அஞ்சாமல் வாழவேண்டிய குழந்தை சுவருக்குள் இருப்பது முழுமையான பாதுகாப்பாகுமா?

அண்டை நாடான மலாவியிலிருந்து வந்த செய்தி எம்மை இன்னும் உலுக்கியது. அல்பினிசம் உடைய இளைஞர் ஒருவர் 2018-இல் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2022-இல் தண்டனை பெற்றோருள் அவருடைய சொந்தச் சகோதரர் இருந்தார், காவலர் இருந்தார், மருத்துவப் பணியாளர் இருந்தார். கத்தோலிக்கக் குரு ஒருவரும் இருந்தார். அவருக்கு 30 ஆண்டுச் சிறை. இதை மறைத்துவிட்டுப் பிறரின் மூடநம்பிக்கையைப் பேச நமக்கு உரிமையில்லை. படிப்பும் சீருடையும் திருநிலையும் பேராசைக்கு வேலியாகிவிடவில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவமென ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தி கூறுகிறது. அக்கேள்வியின் இரு பக்கங்களையும் ஆண்டவர் மறுத்தார். குறையோடு பிறந்த குழந்தையைக் கண்டதும் நம் நாவில் எழும் முதற்கேள்வியும் அதுவேயன்றோ? உறுப்பை விலைபேசும் கொடுமைக்கும் இதற்கும் தொலைவு மிகுதி என்போம். ஆனால் ஓர் உயிரை மனிதராகப் பார்க்காமல் அடையாளமாகப் பார்ப்பதில்தான் இரண்டும் தொடங்குகின்றன.

பங்குகள்தோறும் இப்படத்தைத் திரையிடலாம். பார்த்தபின் இரங்குவது எளிது. வாங்குபவன் யார் என்று கேட்பதே கடினம். அக்கேள்வியோடு வீடு திரும்புவோமாக.