முடிவு தெரிந்தே படிக்கிற கதைகள்

மே மாதத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் யாரும் இறங்க மாட்டார்கள். திண்டுக்கல்லில் பாட்டி வீட்டு வாசல் கதவை அந்நேரத்துக்குச் சாத்திவிடுவார்கள். முற்றத்தில் தண்ணீர் தெளித்து, சிமெண்ட் தரையில் தலையணையை மட்டும் போட்டுக்கொண்டு நாலு பேர் நாலு திசையில் படுத்திருப்போம். மாமா கையில் ராஜேஷ்குமாரின் மர்ம நாவல், சித்தி கையில் ரமணிசந்திரனின் காதல் நாவல். எனக்கும் அக்காவுக்கும் அவர்கள் இருவரில் யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்களுடைய புத்தகம். மாமா ஒரே மூச்சில் முடித்துத் தூக்கிப் போட்டுவிடுவார். சித்தியிடமிருந்து புத்தகம் வர நாளாகும். முடித்த பிறகும் கொடுக்க மாட்டார். நடுவில் எங்கேயோ ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்துக்கொண்டிருப்பார்.

மர்ம நாவலை ஒரு முறைதான் படிக்கிறோம், காதல் நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். இந்த ஒரு வித்தியாசத்தை நம் விமர்சனம் கவனித்ததேயில்லை. விடுமுறை வாசிப்பு, மாத நாவல், பொழுதுபோக்கு என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு சாரார் வெளியே எறிந்தார்கள். இன்னொரு சாரார் அந்தக் காலத்து இனிமை என்று அதே மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டு பேருமே மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

இந்த வாசிப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-ல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதையை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் நம்பியார் நடிக்கத் திரைப்படமாகவும் ஆனது. வை.மு.கோதைநாயகி 'ஜகன்மோகினி' இதழை நடத்தியபடியே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். பிறகு 'ராணி முத்து', 'மாலைமதி' என்று மாதம் ஒரு முழு நாவல் தரும் இதழ்கள் வந்தன. எண்பதுகளில் அது பெருவெள்ளமாயிற்று. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். நியூஸ்பிரிண்ட் தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், பளபளக்கும் அட்டை. டீ, வடைச் செலவோடு சேர்த்து வாங்கிவிடக்கூடிய விலை. திண்டுக்கல்லில் ஏறினால் சென்னை வருவதற்குள் முடித்துவிடக்கூடிய நீளம்.

மர்ம நாவலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் இருக்கும் தொழில்நுட்பத்தை மதிக்காமல் அதைப் பேச முடியாது. ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய கதைகளில் பெரும்பாலும் இரண்டு தடங்கள் ஓடும். முதல் அத்தியாயத்தில் கோவையில் ஒரு குடும்பம். இரண்டாவதில் எங்கோ ஓர் ஊரில் ஒரு பிணம். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விதான் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் திறக்காமல் இருக்க முடியாத ஒரு வரியில் முடியும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா ஜோடியிடம் இருந்தது பேச்சு. அந்த உரையாடலின் வேகத்துக்காகவே குற்றத்தைப் பொறுத்துக்கொண்டு படித்தவர்கள் உண்டு. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி கதைகளில் ஒரு துப்பறியும் நிறுவனம் எப்படி வேலை பார்க்கும் என்ற சித்திரம் கிடைத்தது.

இந்தக் கதைகள் வாசகனுக்குச் செய்த நன்மை பெரியது. என் அக்கா ஏழாம் வகுப்பு வரை பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் முழுதாகப் படித்தவர் இல்லை. ஒரு மே மாதத்தில் இருபதுக்கு மேல் படித்தார். கண் வரியைத் தாண்டி ஓடவும், பத்துப் பதினைந்து பாத்திரங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும், சொல்லாமல் விட்டதை ஊகிக்கவும் அந்த இருபதும் கற்றுக்கொடுத்தன. வாசிப்பு என்பது உடம்பிலும் பழக வேண்டிய ஒன்று. நூறு பக்கத்தை ஒரே இருப்பில் படித்துப் பழகாதவர் கையில் ஐந்நூறு பக்க இலக்கிய நாவலைக் கொடுத்து, அவருக்கு ரசனை இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

குறை எங்கே என்றால், கடைசிப் பத்துப் பக்கங்களில். ஒரே எழுத்தாளர் ஒரே மாதத்தில் பல இதழ்களுக்கு எழுத வேண்டியிருந்தது. பக்கக் கணக்கும் தேதியும் அசையாதவை. எண்பது பக்கம் நிதானமாக முடிச்சுப் போட்டுவிட்டு, கொலையாளியை நாற்காலியில் உட்காரவைத்து அவன் வாயாலேயே மொத்தத்தையும் சொல்லவைத்து முடித்துவிடுவார்கள். வாசகன் கையில் இருந்த துப்புகளுக்கும் அந்த வாக்குமூலத்துக்கும் பல நேரம் தொடர்பு இருக்காது. இதை நான் நேர்மைக் குறைவு என்றே சொல்வேன். துப்பறியும் கதை வாசகனோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறது. கண்டுபிடிக்கும் வாய்ப்பை அவனுக்கும் தருகிறேன் என்று.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. இந்தக் கதைகளில் முதல் அத்தியாயத்தில் சாகிறவள் பெரும்பாலும் ஓர் இளம்பெண். அட்டையிலும் பயந்த கண்களோடு அவள்தான் இருப்பாள். அவளுக்குப் பெயர் உண்டு, உடை உண்டு, கதை இல்லை. ஒரு முறை படித்துத் தூக்கிப் போடுகிற புத்தகம் என்பதால் அவளை நாம் உடனே மறந்தும்விடுகிறோம். நூறு நாவல் படித்த மாமாவிடம், செத்துப்போனவர்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒரு தடவை கேட்டேன். ராஜேஷ்குமாரின் துப்பறியும் ஜோடியான விவேக், ரூபலா இரண்டு பெயரும் உடனே வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

முடித்த பிறகும் உயிரோடு இருக்கும் மர்ம நாவல் அபூர்வம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அப்படி ஒன்று. நடந்தது விஞ்ஞானமா, பேயா என்ற விவாதத்தை அதன் நாயகர்களான கணேஷுக்கும் வசந்துக்கும் நடுவிலேயே விட்டுவிட்டு, வாசகன் கையில் முடிவைத் தராமல் நகர்ந்துவிடுகிறது அது. அதனால்தான் மறுபடி எடுக்கத் தோன்றுகிறது.

இனி சித்தியின் புத்தகம்.

காதல் நாவலின் முடிவு அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். ரமணிசந்திரன் கதையில் அவனும் அவளும் சேர்வார்கள். அது அவர் வாசகிக்குக் கொடுத்த வாக்கு, அதை அவர் மீறுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லாதபோது, எப்படிச் சேர்கிறார்கள் என்பது மட்டும்தான் பாக்கி. மர்ம நாவலில் நடுப்பக்கங்கள் முடிவுக்குப் போகும் வழி. காதல் நாவலுக்கு நடுப்பக்கங்கள்தான் உயிர். அவற்றில் என்ன இருக்கிறதோ, அது ஒவ்வொரு மறுவாசிப்பிலும் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஆகவே காதல் நாவலைத்தான் நாம் கூடுதல் மரியாதையோடும் கூடுதல் கண்டிப்போடும் படித்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. துப்பறியும் கதைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. சென்னையிலிருந்து பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது புதிய வாசகர்கள் வியந்தார்கள். அந்தத் தொகுப்பில் ரமணிசந்திரனும் உண்டு. ஆனால் அதையொட்டி எழுந்த பேச்செல்லாம் ரத்தத்தையும் துப்பாக்கியையும் பேயையும் பற்றித்தான். பெண்கள் மத்தியான வேளையில் படிக்கிற கதை என்பதாலேயே காதல் நாவல் கேலிக்குரியதாகவே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

சித்தி திரும்பத் திரும்பப் படித்த பக்கம் எது என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருப்பா. அவன் கஞ்சி ஆத்திக் கொண்டுவந்து குடுப்பான்டா. சூடு பாத்துட்டுக் குடுப்பான்."

அணைப்போ முத்தமோ அல்ல, கஞ்சி. எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தாங்களே எடுத்துக் குடித்ததில்லை. சித்திக்குக் காய்ச்சல் வந்தாலும் உலையை அவர்தான் வைக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் அவருக்கு என்னவாக இருந்தது என்பதை, இந்த எழுத்தை நச்சு என்று தள்ளிய எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. தன்னை ஒருவர் கவனிப்பார் என்ற ஆசைக்கு, வேறு எங்கும் இடமில்லாதபோது, நூறு பக்க நியூஸ்பிரிண்டில் இடம் கிடைத்தது.

இந்தக் கஞ்சிப் பக்கத்துக்கு முன்னால் என்ன வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பல நாவல்களில் கண்ட அச்சு இது: நாயகன் பெரும் செல்வன், முன்கோபி. வேலைக்கோ உதவிக்கோ அந்த வீட்டுக்கு வந்த நாயகியைப் பணத்துக்காக வந்தவள் என்று சந்தேகப்படுகிறான். நாலு பேர் முன்னால் குத்திப் பேசுகிறான். சுயமரியாதை உள்ள அவள் பதிலடி கொடுக்கிறாள். ரமணிசந்திரன் நாயகிகளின் பெரிய அழகு அந்த நிமிர்வு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஏதோ ஒன்று அவளை நிறுத்திவிடும். கடைசியில் உண்மை தெரிந்து அவன் வருந்துவான். ஒரு நாவலில் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். சந்தேகத்துக்கும் சுடுசொல்லுக்கும் ஏறக்குறைய எழுபது பக்கம்; மன்னிப்புக்கு ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்திலும், உன் மேல் வைத்த ஆசையால்தான் அப்படிப் பேசினேன் என்று அவன் சொல்லிவிட்டால், எழுபது பக்கமும் அன்பின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

என் மறுப்பு இந்த இடத்தில்தான், இதில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. ஒரு முறை படித்தால் இது கதையின் திருப்பம். பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் படித்தால், புண்படுத்துகிறவன் உள்ளுக்குள் நேசிக்கிறான் என்ற நம்பிக்கை. என் தலைமுறைப் பெண்கள் சிலர், திருமணமாகிப் பத்து வருடம் கழித்தும் அந்த ஒன்றரைப் பக்கத்துக்காகக் காத்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு நாவல் மட்டும் காரணமில்லை. வீடும் ஊரும் சொன்னதை நாவலும் இனிப்பாகச் சொன்னது.

குடும்பக் கதையும் காதலும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. லக்ஷ்மி, அதாவது டாக்டர் திரிபுரசுந்தரி, மருத்துவ மாணவியாக இருக்கும்போதே ஆனந்த விகடனில் எழுதி, அந்த வருமானத்தைப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். காதலோடு சம்பாத்தியத்தையும், சம்பாதிக்கிற பெண்ணைச் சுற்றி உறவுகள் போடும் கணக்குகளையும் எழுதியதால், மத்தியான வாசகியைத் தூங்கவிடாத கதைகள் அவருடையவை.

இப்போது இந்தக் கதைகள் கைப்பேசிக்கு வந்துவிட்டன. பிரதிலிபியிலும் கிண்டிலிலும் தினம் ஓர் அத்தியாயமாக வருகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், எடுத்துப் படிப்பதும் பெண்கள். சித்தியும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதில் படிக்கிறார். பழைய மாத நாவலில் இருந்த கட்டுப்பாடு இவற்றில் பலவற்றில் போய்விட்டது. 'ஆன்டி ஹீரோ' என்ற வகையில் கட்டாயத் தாலியும் அடியும்கூடக் காதலின் முதல் படியாகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழேயும் வாசகிகள் எழுதுகிறார்கள்: அவள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறாள், அவனை இவ்வளவு சுலபமாக மன்னிக்காதீர்கள் என்று. சில எழுத்தாளர்கள் அதைக் கேட்டுக் கதையை மாற்றுவதையும் பார்க்கிறேன்.

இந்தக் குரல் புதிதல்ல. எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் ஐந்து மாத நாவல்களைச் சேர்த்துக் காலிகோ முதுகு வைத்து பைண்டு செய்து தருவார்கள். கைமாறிக் கைமாறிப் பக்க ஓரமெல்லாம் எழுத்து. "சூப்பர்", "முடிவு சப்", முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயர். சித்தி திருப்பித் தராமலே வைத்துக்கொண்ட ஒரு தொகுப்பை இந்தக் கோடையில் எடுத்துப் புரட்டினேன். நாயகன் மன்னிப்புக் கேட்கும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு வரி: "இது போதுமா?" அதற்குக் கீழே நீல மையில், வேறு ஒருவர் கையெழுத்து: "போதாது."

தாள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. பின் துருப்பிடித்து இரண்டு பக்கம் கையோடு வந்துவிட்டது. பொது நூலகங்கள் மாத நாவலைச் சேர்த்துவைத்தது மிகக் குறைவு. வாடகை நூலகங்கள் மூடியபோது அவற்றின் புத்தகங்களில் பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைக்குப் போயின. பைண்டு புத்தகம் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் ஓரங்களையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். சித்தியின் தொகுப்பை நான் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே வேப்பிலை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.