ஒரு கன மீட்டர் கரைக்கு ஒரு மூட்டை யூரியா

பிரம்மபுத்திரா அசாமில் ஆண்டுக்குச் சராசரியாக 8,000 ஹெக்டேர் நிலத்தை அரித்துக்கொண்டு போகிறது. 1950-க்குப் பிறகு ஆற்றோடு போனது 4 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் என்கிறது அம்மாநில அரசு. மாஜுலி தீவில் வயல்களும் வீடுகளும் மட்டுமா, சத்ரா எனப்படும் வைணவ மடங்கள்கூட இடம் மாறியிருக்கின்றன. மணல் நிரப்பிய பைகளையும் கான்கிரீட் சட்டங்களையும் அடுக்கியும் ஆறு அடங்கவில்லை. அந்தக் கரை மண்ணில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டே மண்ணை இறுக்கலாம் என்று குவாஹாட்டி ஐஐடியும் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை.

செய்முறை சிக்கலானதல்ல. சில மண் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவை உடைக்கின்றன. அதிலிருந்து கார்பனேட் கிடைக்கும். கால்சியம் குளோரைடு கரைசலையும் சேர்த்து ஊற்றினால், மணல் மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் வளர்ந்து அவற்றைப் பிணைத்துவிடும். நம் ஊர்த் தரிசுகளில் மண்வெட்டியில் இடறும் சுக்கான்கல்லும் சுண்ணாம்புச் சத்துதான். அது உருவாக எத்தனையோ காலம் பிடிக்கும். இதற்குச் சில நாட்கள் போதும்.

இம்முறையின் உண்மையான பலம் ஒன்று உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. சிமென்ட் கலவை மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. கால்சைட் அளவாகப் படிந்தால் துளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். வெள்ளம் சட்டென்று வடியும்போது கரைக்குள் தேங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்துவதால்தான் பல கரைகள் சரிகின்றன. நீரை வழியவிட்டு மணலை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள் ஆற்றங்கரைக்கு அருமையான பொருள்.

ஆனால் ஆய்வகக் குழாயில் கிடைக்கும் சீர்மை களத்தில் கிடைப்பதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 100 கன மீட்டர் மணலில் நடத்திய சோதனையின் முடிவு 2010-ல் வெளியானது. அதில் இறுகியது சுமார் 40 கன மீட்டர். அந்தப் பகுதியிலும் உறுதி 0.7 மெகாபாஸ்கல் முதல் 12.4 வரை ஏறி இறங்கியது. ஒரே மணல், ஒரே கரைசல், பதினேழு மடங்குக்கும் மேல் வேறுபாடு! கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணச் சுரங்க வளாகம் ஒன்றில் நடந்த சோதனை இன்னொரு பாடம் தந்தது. மிக நீர்த்த கரைசல் பெற்ற பாத்திதான் மற்றவற்றைவிட நன்றாக இறுகியது, மேலே 2.5 செ.மீ. கெட்டி ஓடும், ஏறத்தாழ 28 செ.மீ. ஆழம் வரை உறுதியும் கிடைத்தன. மருந்தைக் கூட்டினால் பலன் கூடும் என்று கணக்குப் போட முடியாது.

இனி யூரியா. ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1,600 கிலோ. அதில் 5 சதவீதம் கால்சைட் படிய வேண்டுமென்றால் 80 கிலோ. அதற்கு 48 கிலோ யூரியா வேண்டும்; உழவர் வாங்கும் 45 கிலோ மூட்டையைவிடச் சற்றே அதிகம். வேதிவினை முடிந்ததும் ஏறத்தாழ 29 கிலோ அம்மோனியம் மிஞ்சும். பத்து மீட்டர் உயரக் கரையை அரை மீட்டர் தடிமனுக்கு ஒரு கிலோமீட்டர் நீளம் இறுக்கினால் 240 டன் யூரியா செலவாகும், சுமார் 145 டன் அம்மோனியம் பிறக்கும். யூரியாவோ இயற்கை எரிவாயுவைக் கொண்டு ஆலையில் செய்யும் பொருள். பசுமைத் தொழில்நுட்பம் என்ற பெயரை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

நெதர்லாந்தின் நைமேகன் அருகே எரிவாயுக் குழாய் பதிக்கச் சரளைப் படுகையை இறுக்கியவர்கள், அம்மோனியம் கலந்த நிலத்தடி நீரை, பழைய நிலை திரும்பும்வரை இறைத்து வெளியேற்றினார்கள். அது வரம்புக்குட்பட்ட இடம், அதனால் முடிந்தது. வெள்ளம் ஏறி இறங்கும் பிரம்மபுத்திராக் கரையில் எங்கே இறைப்பது? அந்த நீரில் மீனும் ஆற்று ஓங்கிலும் வாழ்கின்றன.

இன்னொரு குறை அடித்தளத்தைப் பற்றியது. ஆறு கரையை மேலிருந்து சுரண்டுவதைவிட அடியில் குடைந்தே அதிகம் வீழ்த்துகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே ஓடும் நீரில் கரைசலை நிறுத்திவைக்க முடியாது. மேலே மட்டும் இறுகிய ஓடு, அடி போனதும் பாளம் பாளமாக உடைந்து விழும்.

மாற்று வழிகள் உண்டு. நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியத்துக்குப் பதில் நைட்ரஜன் வாயுவை விடுகின்றன, வேகம்தான் குறைவு. நொதியை மட்டும் பயன்படுத்துவது இன்னொன்று. நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் பயறிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926-ல் யூரியேஸைப் படிகமாகப் பிரித்தார். பாக்டீரியா நுழைய முடியாத வண்டல் துளைகளிலும் நொதி நுழையும். அம்மோனியம் அங்கும் பிறக்கும்.

ஆகவே சுரங்கப் புழுதி, பாலத் தூணைச் சுற்றிய மணல், குழாய்ப் பள்ளம் போன்ற சிறிய, கண்காணிக்கக்கூடிய இடங்களில் இம்முறையைத் தயங்காமல் முயலலாம். முழு ஆற்றங்கரைக்கு இன்றைய வடிவில் இது பொருந்தாது. பிரம்மபுத்திராவில் அடுத்து களச் சோதனை நடக்குமானால், கரையின் உறுதியை அளக்கும் அதே நாட்களில் ஆற்றின் கீழ்ப்போக்கிலும் பக்கத்துக் கிராமங்களின் அடிகுழாய்களிலும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் ஒரு முழு வெள்ளப் பருவம் அளந்து, அந்த எண்களைக் கரையோர மக்களிடம் வைக்க வேண்டும்.