காதைப் பொத்திய அணி மேடையேறிய கதை

முதியோர் குடியிருப்பில் கச்சேரி என்றால், பாட்டு தொடங்கும் முன்பே கைதட்டத் தயாராகிவிடுகிறோம். "இந்த வயசுலயும் பாருங்களேன்!" என்று ஒரு பாராட்டு. சுருதி விலகினாலும் தாளம் தப்பினாலும் கணக்கில் வராது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம், நார்த்தாம்ப்டன் ஊரின் 'யங் அட் ஹார்ட்' சேர்ந்திசைக் குழுவை அப்படிப் பாராட்டினால் அது அவர்களுக்கு அவமானம்.

1982இல் வால்டர் சால்வோ ஹவுஸ் என்ற முதியோர் குடியிருப்பில் தொடங்கிய குழு இது. பயிற்றுநர் பாப் சில்மன், வந்து நின்றாலே போதும் என்று தட்டிக்கொடுக்கிற ரகமில்லை. ஸ்டீபன் வாக்கரின் 2007ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஏழு வார ஒத்திகையைப் பார்க்கலாம். எண்பதை ஒட்டிய கூட்டத்திடம் சில்மன் போட்டுக்காட்டுவது சோனிக் யூத் என்ற ராக் குழுவின் 'ஸ்கிசோஃப்ரீனியா'. இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்துகிறார்கள். ஓபரா கேட்டு வளர்ந்த காதுகள், பாவம்! பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வரிகளைப் படிக்க உட்காருகிறார்கள்.

அதைவிடக் கடினமான ஆட்டம், ஆலன் டூசான் எழுதிய 'யெஸ் வீ கேன் கேன்'. 'கேன்' என்ற ஒரே சொல் 71 தடவை வருகிறது. எங்கே எத்தனை, எங்கே நிறுத்தம் என்பதுதான் பாட்டே. ஜதி சொல்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வாரக்கணக்கில் தடுமாறுகிறார்கள், சில்மன் பொறுமை இழக்கிறார், ஆனால் சலுகை தரவில்லை.

குழுவின் பலம் குரலில் இல்லை. மேல் ஸ்தாயியில் கரகரப்பு, சுருதியும் அவ்வப்போது கீழே இறங்கும். பலம் மூச்சுப் பங்கீட்டில் இருக்கிறது. தனியாகப் பாடுபவருக்கு மூச்சு முட்டினால் பாட்டு அறுந்துவிடும். சேர்ந்திசையில் ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்து ஆள் சுரத்தைப் பிடித்திருப்பார், கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எந்த இடத்தில் திணறுவார் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே காரில் ஒத்திகைக்கு வந்து, வழியெல்லாம் ஒருவரையொருவர் கிண்டலடிப்பவர்களுக்கு அது தானாகவே தெரிந்துவிடுகிறது.

உறுப்பினர் பாப் சல்வினி இறந்த செய்தி வந்த நாளிலேயே, ஒப்புக்கொண்டபடி சிறைக் கைதிகள் முன் பாடினார்கள். கைதிகள் எழுந்து நின்று தட்டினார்கள், பாட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

சல்வினியும் ஃப்ரெட் நிட்டிலும் சேர்ந்து பாட வேண்டியது கோல்ட்பிளே குழுவின் 'ஃபிக்ஸ் யூ'. அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் நிட்டில் மட்டும் நாற்காலியில் அமர்கிறார், மூக்கில் ஆக்சிஜன் குழாய். கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டின் பொய்க்குரலில் மேலே மிதந்த பாட்டை இவர் அடிக்குரலுக்கு இறக்கிக்கொள்கிறார். நீட்டல் இல்லை, குழைவு இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி மூச்செடுக்கிறார். ஆக்சிஜன் கருவியின் சத்தம் அந்த இடைவெளியில் கேட்கிறது, ஒரு தாளம் போலவே. பின்னால் குழு சேரும்போதும் குரலை ஏற்றிப் போட்டிபோடவில்லை. அனுதாபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது தேர்ந்த பாடகனின் நிதானம்.

அசலையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு நிட்டிலுக்கு.